அறுபதில் ஆடும் ஜீப்

என் வீட்டுக்காரர் வேதமாணிக்கத்துக்கு இரண்டு பிள்ளைகள். ஒன்று எங்கள் மகள் மகிமா, இன்னொன்று அந்தப் பாழாய்ப்போன ஜீப். மகிமா எதிர்த்துப் பேசுவாள், ஜீப் பேசாது. அதனால் ஜீப்தான் செல்லம்.

திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் எங்களுக்கு அரிசி மொத்தக் கடை. இவருக்குப் பூர்வீகம் திசையன்விளை என்றாலும் பேச்சு அசல் ராயபுரம். ஜீப் பழைய சர்க்கார் வண்டி, ஏலத்தில் எடுத்தது. எங்கள் பக்கத்துக் கடல் காற்றுக்கு ஜன்னல் கம்பியே செதில் செதிலாக உதிரும். அதனால் வண்டி வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் துருப் பிடிக்காமலிருக்க வண்டிக்கு அடியில் பழைய இன்ஜின் ஆயிலை அடித்துவிடுவார்கள். இவருக்கு அது போதாது. மாதம் ஒரு ஞாயிறு, சர்ச் விட்டு வந்ததும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அடியில் புகுந்து, பிரஷ்ஷால் சந்து பொந்து விடாமல் தானே பூசுவார். என் முதுகுவலிக்கு ஒருநாள் தைலம் தேய்த்துவிட்டிருப்பாரா மனுஷன்? கேட்டால் சிரிப்பார்.

மீஞ்சூரில் கிளை திறக்க இடம் பார்த்தாயிற்று. அது மகிமாவுக்குத்தான் என்று இவரே சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அவளும் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். வந்த இரண்டு வரனையும் கடை நிலைக்கட்டும் என்று தள்ளிப் போட்டாள். செங்குன்றம் மில்லில் சாம்பிள் அரிசி எடுத்துக்கொண்டு, ஜீப்பில் வெளிவட்டச் சாலை வழியாக மீஞ்சூர் போய்க் கடைக்காரர்களிடம் காட்டிவருவது அவள் வேலை.

அப்படிப் போனவள் ஒருநாள் முகம் வெளுத்துத் திரும்பி வந்தாள். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பாலத்தின் இணைப்பில் முன்சக்கரம் ஏறி இறங்கியதாம். அவ்வளவுதான், ஸ்டியரிங் பேய் பிடித்தது போல இப்படியும் அப்படியும் உதற ஆரம்பித்ததாம். வேகம் நன்றாகக் குறைந்த பிறகுதான் அடங்கியதாம். சொல்லிவிட்டு ஜீப் சாவியை அப்பாவுக்கு முன்னால் வைத்தாள்.

இவர் உடனே வண்டியை எடுத்துக்கொண்டு மணலி ரோட்டில் ஓட்டிப் பார்த்தார். டேங்கர் லாரிகளுக்குப் பின்னால் முப்பதைத் தாண்ட முடியாத ரோடு அது. பள்ளத்துக்குப் பள்ளம் எல்லா வண்டியும்தான் ஆடுகிறது, இதில் என்னத்தைக் கண்டுபிடிப்பது? இருந்தும் ராயபுரம் மெக்கானிக் ரஷீது பாயிடம் விட்டு, ஸ்டியரிங் உதறலை அமுக்கும் டேம்பர் புதிதாகப் போட்டு, சக்கரங்களையும் பேலன்ஸ் பார்த்து வாங்கி வந்தார். கொஞ்ச நாள் சரியாக இருந்தது. மறுபடி அதே சாலை, அதே உதறல். வண்டியில் ஒரு குறையும் இல்லை, பொம்பளைப் பிள்ளைக்குப் பிடி போதாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார் இவர். ஸ்டியரிங்கையே பிடிக்கத் தெரியாதவள் கடையை எங்கே பிடிக்கப் போகிறாள், மீஞ்சூரைத் தன் தங்கச்சி மகன் பெனிட்டோ பார்த்துக்கொள்ளட்டும் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்குச் சோறு வடிக்கவில்லை.

மகிமா அழவில்லை. அப்பாவுக்கு எதிரில் வந்து நின்றாள்.

"நீயே அந்த ரோட்டுல அறுவதுல ஓட்டுப்பா. நா பின்னாடி குந்திகினு வர்றேன். ஆடலன்னா கடைய பெனிட்டோவுக்கே குடுத்துடு."

சனிக்கிழமை காலை கிளம்பினோம். நானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். வெளிவட்டச் சாலை வழவழவென்று கிடந்தது. இவர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியில் மகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வேகத்தை ஏற்றினார். ஐம்பது, ஐம்பத்தைந்து, அறுபது. பாலம் வந்தது.

தடக் என்று ஒரு சத்தம்தான் கேட்டது. அடுத்த நொடி ஸ்டியரிங் இவர் கையை விட்டுத் திமிறியது. வண்டியின் முன்பக்கம் முழுக்க உதறியது. பல்லோடு பல் அடித்து என் நாக்கு கடிபட்டது. இவர் இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார், அடங்கவில்லை. பதறிப்போய் பிரேக்கை ஓங்கி மிதித்தார். ஜீப் கோணலாகி நடுச்சுவரைப் பார்த்துப் போனது. பின்னால் ஒரு டேங்கர் லாரி விடாமல் ஹாரன் அடித்தது. செத்தோம் என்றே நினைத்தேன். ஆண்டவரே என்று கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

பின்னாலிருந்து மகிமாவின் குரல் மட்டும் நிதானமாக வந்தது.

"பிரேக்ல இருந்து கால எடுப்பா. மல்லு கட்டாத. ஆடட்டும். நேரா மட்டும் புடி. தானா கொறையும்."

பிறந்ததிலிருந்து யார் பேச்சையும் கேட்காத மனுஷன் அன்றைக்குக் கேட்டார். டேங்கர் உரசுகிற தூரத்தில் கடந்து போனது. வேகம் இறங்க இறங்க உதறல் தானாக நின்றது. ஓரத்தில் ஒதுக்கி நிறுத்திய பிறகும் இவர் கை ஸ்டியரிங்கை விடவில்லை. நான்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன்.

இவர் இறங்கினார். என்னதான் கோளாறு என்று பார்த்தே தீருவேன் என்று அடியில் புகுந்தார். மகிமாவை ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் லேசாகத் திருப்பச் சொன்னார். அவள் திருப்பினாள். நானும் குனிந்து பார்த்தேன். எனக்கே தெரிந்தது. சக்கரம் திரும்புவதற்கு முன்னால், இரண்டு முன்சக்கரத்தையும் இணைக்கும் ஆக்சிலே ஒரு விரல்கடை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்தது.

ஆக்சிலைத் தாங்குகிற பட்டையை வண்டியோடு சேர்த்துப் பிடித்திருப்பது ரப்பர் புஷ். அந்த இடத்தில் இவர் விரலை விட்டார். ரப்பர் களி மாதிரி பிதுங்கிக்கொண்டு வந்தது. மோந்து பார்த்தார். பழைய ஆயில் நாற்றம் என் மூக்குக்கே எட்டியது. அடுத்த புஷ்ஷைத் தொட்டார், அதுவும் அப்படித்தான். இரும்பைக் காப்பாற்ற இவர் பூசிய ஆயில் ரப்பரை ஊறவைத்துத் தின்றிருக்கிறது. பிடிமானம் போன ஆக்சில் பள்ளத்து ரோட்டில் மெதுவாகப் போகும்போது சும்மா இருந்திருக்கிறது. வேகத்தில் ஒரு இடி விழுந்ததும் ஆடியிருக்கிறது. டேம்பர் அதைக் கொஞ்ச நாள் மூடி மறைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

 வண்டிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இவரது இரண்டு காலும் அசையவில்லை. பயந்துபோய் என்னாங்க என்று கூப்பிட்டேன்.

"சுகிர்தம், புள்ளைய கொல்றதுக்கு நானே மாசா மாசம் எண்ண தடவிகினு இருந்துக்கீறேன்."

  எத்தனை தடவை என் மகள் தனியாக இந்தப் பாலத்தைக் கடந்திருப்பாள் என்று நினைத்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இவர் வெளியே வரவில்லை. அங்கே கிடந்தபடியே, மீஞ்சூர் கடை உனக்குத்தான் மகி, யாருக்கும் கிடையாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.  மகிமா மண்டி போட்டு இவர் கணுக்காலைப் பிடித்தாள்.

"கட கெடக்குதுப்பா. மொதல்ல வெளிய வா. லாரி வந்துகினே கீது."