ஒருத்தர் போதும்

லென்ஸ்காரர் எழுதிய நாவலின் முதல் அத்தியாயத்திலிருந்து பதிப்பகத்து எடிட்டர் அம்மா ஜன்னலைப் பென்சிலால் அடித்துவிட்ட அன்றே, அவர் வீட்டுக் கூடத்து ஜன்னல் இல்லாமல் போனது. உடையவும் இல்லை, யாரும் பெயர்த்தெடுக்கவும் இல்லை. அது இருந்த இடத்தில் சுவர் இருந்தது, அதுவும் வர்ணம் மங்கிய பழைய சுவர். மனைவி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, துணி காயப்போட இனி மாடிக்குத்தான் போகணும் என்று அலுத்துக்கொண்டாள். வாரக் கடைசியில் திருத்திய பக்கங்கள் தபாலில் வந்தபோதுதான் விஷயம் விளங்கியது. 'இந்த ஜன்னல் வழியாக யாரும் எதையும் பார்க்கவில்லை. வேண்டாம்' என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது.

தப்பு லென்ஸ்காரருடையதுதான். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துவது அவர் தொழில். மயிரிழை பிசகினாலும் போட்டவருக்குத் தலை வலிக்குமே என்ற பயத்திலேயே காலத்தை ஓட்டியவர், நாவலையும் அதே பயத்தோடு எழுதினார். மற்றவர்கள் வீட்டைக் கொஞ்சம் மாற்றி, ஆட்களைக் கொஞ்சம் கலைத்துப்போட்டு எழுதுவார்கள். இவர் அளவு நாடாவோடு வீடு முழுக்க அலைந்து, இருந்ததை இருந்தபடி எழுதினார். மனைவி, அக்கா, அக்காவின் தம்பியாகிய தான், மூவரையும் சட்டைப் பொத்தான்கூட மாறாமல் உள்ளே வைத்தார். கதைக்கும் வீட்டுக்கும் நடுவில் இடைவெளியே விடாததால், அங்கே அடித்தது இங்கேயும் அடிபட்டது. தெருவில் எல்லோரும் இப்படித்தான் சொன்னார்கள், வேறு விளக்கம் யாரும் கேட்கவுமில்லை.

எடிட்டர் அம்மா சொன்னது ஒவ்வொன்றும் சரியாக இருந்ததுதான் அவருக்குப் பெரிய தொல்லை. அந்த அம்மா கையெழுத்துப் போடாமல் பதிப்பகம் எதையும் அச்சுக்கு அனுப்பாது. இரண்டாம் தவணைத் திருத்தத்தில் அலமாரி போனது, மூலையில் கிடந்த மிதிவண்டி போனது. 'இருமல் திரும்பத் திரும்ப வருகிறது' என்று அடிபட்டதும், எந்த மருந்துக்கும் மசியாத மனைவியின் இருமல் சட்டென்று நின்றது. அன்றிலிருந்து அவள் எடிட்டர் அம்மாவின் கட்சி. "அப்படியே என் முழங்கால் வலியையும் எங்கயாவது சேர்த்து அனுப்புங்களேன்," என்றாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மிச்சமிருந்த அத்தியாயங்களில் அக்கா இருந்தாள்.

அக்கா கணவனோடு ஒத்துவராமல் இங்கே வந்து தங்கியவள். நாவலை முதலில் படித்தவளும் அவள்தான். படித்து முடித்து, "இது புத்தகமா வரணும்டா, நான் பாக்கணும்," என்றவள். நாவலுக்குள் அவள் செய்வதெல்லாம், வெளியே போனவர்கள் வீடு திரும்பும்வரை கதவருகே நின்று கவலைப்படுவது. வீட்டிலும் அதைத்தான் செய்தாள். லென்ஸ்காரர் கடையிலிருந்து காரணமில்லாமல் பாதி நாளில் ஓடிவந்தார். அவள் குளிக்கப் போய்க் கொஞ்சம் தாமதமானால் கதவைத் தட்டினார். "நான் எங்கடா போயிடப் போறேன்?" என்று அவள் உள்ளிருந்து கத்துவாள், அவருக்குப் போன உயிர் திரும்பி வரும்.

கடைசியில் எடிட்டர் அம்மா அவரை நேரில் வரச்சொன்னார். மேசையில் நாவல் இருந்தது, பென்சில் சீவித் தயாராக இருந்தது.

"நல்லா வந்திருக்கு. ஒரே ஒரு குறைதான். அக்காவும் தம்பியும் ஒரே வேலையைச் செய்றாங்க. ரெண்டு பேரும் கதவுகிட்ட நின்னு கவலைப்படுறாங்க. ஒருத்தர் போதும்."

"அப்படியே விட்டுட முடியாதுங்களா?"

"படிக்கிறவங்களுக்கு அலுத்துப்போயிடும். நான் கையெழுத்துப் போடமாட்டேன். அக்காவை எடுத்துடலாம்னு பாக்கறேன்."

காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்று தோன்றியது. ஆனால் அக்கா புத்தகத்தைப் பார்க்கக் காத்திருந்தாள், எடிட்டர் அம்மா சொன்னதும் சரியாகத்தான் இருந்தது. ஒருத்தர் போதும். லென்ஸ்காரர் கையை நீட்டினார்.

"பென்சிலைக் குடுங்க," என்றார். "நானே அடிக்கிறேன்."

முதல் பக்கத்திலிருந்து தம்பியை அடிக்கத் தொடங்கினார். பாதி நாவலில் அவர் சட்டைக் காலர் மங்கியது, முக்காலில் முழங்கை போனது. கடைசி அத்தியாயத்தில் எதிரே பென்சில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எடிட்டர் அம்மா பக்கங்களைப் புரட்டிப் பார்த்து, "இப்பதான் கதை நிக்குது," என்று கையெழுத்துப் போட்டார்.

அதன் பிறகும் கடையில் லென்ஸ்கள் தினமும் தேய்ந்து சட்டத்தில் சரியாகப் பொருந்தின, முதலாளியும் சம்பளத்தை நிறுத்தவில்லை. மனைவி சில நாள் அழுதாள், பிறகு ஆளில்லாத அறையைப் பார்த்து வழக்கம்போல் திட்டத் தொடங்கினாள், அதில் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது. அடுத்த வருடம் புத்தகம் வந்தது, வெளியீட்டு விழாவும் நடந்தது. எழுதியவர் சார்பில் பேச அக்காவை அழைத்தார்கள். அவள் புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மேடையேறினாள்.

"எழுதினது என் தம்பி," என்றாள். "வந்திருக்கான். உக்கார இடம் குடுங்க."

முன்வரிசையில் இருந்தவர்கள் ஆளுக்கொரு இடம் நகர்ந்து, ஒரு நாற்காலியைக் காலியாக விட்டார்கள். கூட்டம் முடியும்வரை அதில் யாரும் கைப்பையைக்கூட வைக்கவில்லை.