பன்னுக்குக் குளுருது

பன்னு தும்முன சத்தத்துலதான் அஜித் முழிச்சான். கட்டில்ல இருந்து கால கீழ வச்சதும் சிமிட்டித் தரையோட சில்லிப்பு உள்ளங்கால் வழியா முட்டி வரைக்கும் ஏறுச்சு. வெடுக்குன்னு கால மேல இழுத்துக்கிட்டான். எட்டடி தள்ளிச் சுவரோரமா, வாஷிங் மிஷின் வந்த அட்டப்பெட்டி இருந்துச்சு. அதுக்குள்ளதான், வாலில்லாத பெரிய எலி மாதிரி, ரெண்டு கினி பிக்கும் இருந்துச்சுக. மிச்சரு நல்லாத் தூங்குச்சு. பன்னு மட்டும் ஒரு மூலையில முடியெல்லாம் சிலுத்துக்கிட்டு, உருண்டையா, யாரோ வச்சுட்டு மறந்துட்டுப் போன கம்பளி நூல்கண்டு மாதிரி உக்காந்திருந்துச்சு. முன்னாடி போட்ட கொய்யாத் துண்டு, போட்டது போட்டபடி கெடந்துச்சு.

பெட்டிக்கு அடியில செங்கல்லும் பலகையும் இருக்குதான்னு குனிஞ்சு பாத்தான். இருக்கும்னு தெரியும், இருந்தாலும் பாத்தான். விடிஞ்சும் விடியாமலும் இருந்துச்சு. மார்கழிப் பனி ஜன்னல் வழியா உள்ள வந்து, ரூமுக்குள்ளயே மெல்லிசா ஒரு மேகம் நிக்கிற மாதிரி நின்னுச்சு. கோயில் கொழாச் சத்தம் தண்ணிக்கு அடியில இருந்து வர்ற மாதிரி வந்துச்சு. தோஹாவுல இருக்கமா, இல்ல அறந்தாங்கிப் பக்கத்துல நம்ம ஊர்லதான் இருக்கமான்னு ஒரு நிமிசம் அவனுக்குப் புடிபடல.

அங்க அவனுக்குக் குளுருலதான் வேலையே. காய்கறியும் மீனும் அடுக்கி வச்சிருக்கிற பெரிய குடோன். உள்ள போனா மூச்சே பொகையா வரும், தாடி மயிர்ல பனி ஒட்டும். கம்பெனி குடுத்த நீல ஜெர்கின கழுத்து வரைக்கும் இழுத்து மாட்டிக்கிட்டுப் பெட்டி தூக்குவான். மத்தியானம் சாப்பாட்டுக்கு விட்டதும் அதக் கழட்டாமலே வீட்டுக்கு வீடியோ கால் போடுவான். மக நித்யாவுக்கு எட்டு மாசம் இருக்கயில கெளம்பிப் போனவன் அவன். மூணு வருசமா அவ பாத்த அப்பா உள்ளங்கை அகலம். கழுத்துக்குக் கீழ நீலம்.

அவ மூணாவது பொறந்தநாளைக்குத்தான் புதுக்கோட்டையில இருக்கிற கூட்டாளிகிட்டச் சொல்லி இந்த ஜோடிய வாங்கிக் குடுத்தனுப்புனான். பழுப்பா இருந்ததுக்குப் பன்னுன்னு பேரு வச்சா. மஞ்சளும் கருப்பும் காவியுமாக் கலந்து கெடந்தது மிச்சரு. வெயில் காலம் வரைக்கும் ஒண்ணும் தெரியல. ஐப்பசி மழை புடிச்சதும் அங்க இவனுக்குப் பயம் புடிச்சுக்கிச்சு. குளுரு ஒரு உசுர என்ன பண்ணும்னு தெரிஞ்சவன்ல. பிரேக்குல போன வாய்கிட்ட வச்சுக்கிட்டுப் படபடன்னு பேசுவான், போனு அத எழுத்தாக்கிப் பொற்கொடிக்கு அனுப்பும். புள்ளி கிள்ளி எதுவும் இருக்காது.

"பொற்கொடி பெட்டிய வெறுந்தரையில வைக்காத கல்லு குடுத்து வையி வாடக்காத்து வர்ற பக்கம் வேணாம் கடலக்கொடி நல்லாக் காஞ்சதாப் போடு ஈரம் பட்டா ஒடனே மாத்து சுடுதண்ணி பாட்டில துணியில சுத்தி ஒரு ஓரமா மட்டும் வையி சூடு வேணாம்னா அதுக தள்ளிப் போக எடம் வேணும்ல நெல்லிக்கா சின்னத் துண்டாக் குடு பாப்பா சாப்புட்டுச்சா"

பொற்கொடி அத அப்படியே செய்வா. பக்கத்து வீட்டு ராஜலட்சுமி அத்தைதான் முந்தானையால வாயப் பொத்திக்கிட்டுச் சிரிப்பாக. "ஏண்டி, போன தடவ ஆளுகிட்டக் குடுத்தனுப்பச் சொல்லி ஒனக்கு ஒரு போர்வ கேட்டே, மறந்தே போயிட்டேன்னான். எலிக்கு மட்டும் இம்புட்டு ஞாபகமா?"

இதெல்லாம் அவன் ஊருக்கு வர்றதுக்கு முன்னாடி. ஒரு மாச லீவுல வந்து எறங்குன அன்னைக்கு, திருச்சி ஏர்போர்ட்டு வாசல்ல நித்யா அம்மா சேலைக்குப் பின்னாடி போனவதான். வீட்டுக்கு வந்தும் வெளிய வரல. லுங்கியும் பனியனுமா, ஆறடிக்கு, காலு கையோட ஒரு ஆளு வீட்டுக்குள்ள நடந்தா அவ என்ன பண்ணுவா? அவன் பெட்டிக்கிட்டப் போனாப் போதும், குறுக்க வந்து நிப்பா.

"தொடாதீங்க மாமா. எங்கப்பா வாங்கிக் குடுத்தது."

"நான்தான் ஆத்தா ஒங்கப்பா."

"பொய்யி. எங்கப்பா போன்ல இருக்காரு."

கினி பிக்குகளும் அவ கட்சிதான். நித்யா பாலித்தீன் கவரச் சரசரன்னு ஆட்டுனா, கொத்தமல்லி வருதுன்னு ரெண்டும் "வீக்! வீக்!"னு விசிலடிச்சுக்கிட்டு ஓடி வரும். அதே கவர இவன் ஆட்டுனா கடலக்கொடிக்குள்ள பூந்துக்கும்.

பொற்கொடி ஆறுதல் சொல்லத்தான் பாத்தா. "மனசுல வச்சுக்காதீங்க. எல்லாப் புள்ளையும் அப்படித்தாங்க. நம்ம முத்துக்குமார் அண்ணன் மக மாசம் பூரா கிட்டயே வரலயாம். கெளம்புற அன்னைக்கு ஏர்போர்ட்டுல போயி அப்பான்னு கட்டிக்கிட்டு அழுதுச்சாம்." அதக் கேட்டதுல இருந்து அஜித்துக்குச் சோறு எறங்கல. நாளு போறது வேற கண்ணுக்குத் தெரிஞ்சுது.

நேத்து நித்யாவ அங்கன்வாடியில விடப் பொற்கொடி போயிருந்தா. நசநசன்னு தூத்தல். சாரல் ஜன்னல்ல தெறிச்சுப் பெட்டியோட ஒரு பக்கம் ஊறிப் போச்சு. குறுக்க நிக்க ஆளில்ல. அஜித் ரெண்டையும் தூக்கித் துண்டால ஒத்தி எடுத்தான். கையில எடுத்தா ஒவ்வொண்ணும் ஒரு சொம்புத் தண்ணிக் கனம்தான். நெஞ்சு மட்டும் படபடன்னு, ஏதோ சொல்ல வந்து சொல்ல முடியாத மாதிரி அடிச்சுக்கிச்சு. தொடைச்சும் முடியில ஈர வாசம் போகல. அப்பத்தான் அவனுக்கு அந்த ஞாபகம் வந்துச்சு.

நித்யா கைக்குழந்தையா இருக்கயில, தலைக்கு ஊத்துன அன்னைக்கெல்லாம் சாம்பிராணி போடுறது இவன் வேலை. தணல்ல பொடியத் தூவி, மேல கூடையக் கவுத்து, புள்ள தலைய அந்தக் கதகதப்புல காட்டிக்கிட்டே இருந்தா, முடி காயக் காயக் கண்ணு சொருகும். அந்த எட்டு மாசத்துல அப்பன்னு அவன் கையால செஞ்சது அது ஒண்ணுதான். தோஹாவுல குளுருல நிக்கும்போதெல்லாம் அந்த வாசத்த நெனச்சுக்குவான். நெனச்சா வந்துரும்.

வெறகடுப்புத் தணலத் தூபக்கால்ல அள்ளிட்டு வந்தான். ரெண்டையும் கூடையில விட்டுப் பக்கத்துல வச்சு, பொக வெளிய போகாம மேல ஒரு துண்டப் போத்துனான். வீடு பூரா அந்த வாசம் மெதுவாப் பரவுச்சு. தூத்தல், பொக, கதகதப்பு. சுவத்துல சாஞ்சவன் கண்ணு முன்னால எட்டு மாசத்துப் புள்ளையோட உச்சந்தலை வந்துச்சு, அதுல சுருண்ட முடி, அதுலேருந்து ஆவி பறக்குது. கை தானா விசிறுச்சு. எம்புட்டு நேரம் அப்படிக் கெடந்தான்னு தெரியாது. வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டுத் துண்ட எடுத்தா, கூடைக்குள்ள ஒண்ணுமே தெரியல, பொகதான். பொகைக்குள்ள இருந்து பன்னு தும்முச்சு. நிறுத்தாமத் தும்முச்சு.

மாட்டு டாக்டரு மொதல்ல சிரிச்சாரு. "சாம்பிராணியா? பத்திக்குச்சியும் கொளுத்திச் சாமி கும்புட்டியாப்பா?" பன்னோட நெஞ்சுல குழாய வச்சதும் சிரிப்பு நின்னுபோச்சு. "தீப்பெட்டி அளவு நெஞ்சுய்யா இதுக்கு. பொகையே ஆகாது. சொட்டு மருந்து தர்றேன், கதகதன்னு வச்சுக்க. காலையில வாயத் தொறந்து எதையாச்சும் மென்னுச்சுன்னா பொழச்சுக்கும். இது வயிறு காயக்கூடாது." அத்தனையும் படிச்சுப் படிச்சு அனுப்புனவன்தான். பொகையப் பத்தி மட்டும் தேடணும்னு தோணவே இல்ல அவனுக்கு. பொகைன்னா அவனுக்குக் கதகதப்பு, அம்புட்டுத்தான்.

சாயங்காலம் பூரா நித்யா அவனப் பாக்கல. அழுகக்கூட இல்ல. அதுதான் அவனால தாங்க முடியல.

இப்ப அவளும் எந்திரிச்சு வந்துட்டா. கம்பளியப் போத்துனபடியே பெட்டிக்கிட்டக் குத்துக்கால் வச்சு உக்காந்து, நெல்லிக்காத் துண்ட நீட்டுனா. பன்னு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. இன்னொரு பக்கம் போயி நீட்டுனா. அங்கிட்டும் திருப்பிக்கிச்சு.

"ம்மா. அப்பாக்குப் போன் போடு."

பொற்கொடி அடுப்படியில இருந்து எட்டிப் பாத்தா. "அப்பா இந்தா உக்காந்திருக்காகல்லடி."

"போன் அப்பாக்கு!"

பொற்கொடி அஜித்தப் பாத்தா. கண்ணாலயே கொல்லப்பக்கத்தக் காட்டுனா. அவனுக்கு மொதல்ல வெளங்கல. வெளங்குனதும் பையத் தொறந்து, அடியில மடிச்சு வச்சிருந்த நீல ஜெர்கின உருவிக்கிட்டுப் பின்வாசல் வழியா ஓடுனான்.

மோட்டார் ரூமுக்குப் பின்னாடி நின்னு ஜெர்கின மாட்டிக் கழுத்து வரைக்கும் ஜிப்ப இழுத்தான். சுத்தியும் பனி. முருங்க மரம் இருக்கு, கெளை இல்ல. வீடு இருக்கு, சுவரு இல்ல. குடோன் கதவத் தொறந்துக்கிட்டு உள்ள போன மாதிரியே இருந்துச்சு. போன் அடிச்சுது. எடுத்தான். உள்ளங்கை அகலத்துல அவன் மக. பத்து நாளா அவன் பாக்காத சிரிப்பு அந்த மொகத்துல.

"அப்பா! பன்னுக்குக் குளுருதுப்பா. சாப்புட மாட்டேங்குது."

"என்னாச்சு ஆத்தா?"

"வீட்டுக்கு ஒரு மாமா வந்துருக்காரு. அவரு பொகையப் போட்டுட்டாரு."

"அடடா. நீ அவரத் திட்டுனியா?"

"திட்டல." கொஞ்சம் யோசிச்சா. அப்புறம் போனுக்குள்ளயே வர்ற மாதிரி கிட்ட வந்து, ரகசியமாச் சொன்னா. "அவரு பெட்டிக்கிட்ட உக்காந்து அழுதாருப்பா. நான் பாத்தேன்."

அஜித் போன ஒரு பக்கமாத் திருப்பிட்டு மூஞ்சியத் தொடச்சான்.

"ஏம்ப்பா பேச மாட்டேங்குற?"

"சிக்னல் இல்லத்தா."

"நீ வாப்பா. வந்து பன்ன ஒஞ்சட்டைக்குள்ள வச்சுக்க. ஒனக்குத்தான் குளுராதுல்ல."

"வரவா?"

"ம். பிளேன்ல வேணாம், லேட்டாவும். நடந்து வா."

அவன் நடந்தான். போனக் கட் பண்ணல, மொகத்துக்கு நேராவே புடிச்சுக்கிட்டு நடந்தான். தொவைக்கிற கல்லு பனிக்குள்ள இருந்து வந்து பின்னாடி போச்சு. பதினஞ்சு அடி தூரம், கடலத் தாண்டுற மாதிரி நீண்டுச்சு. பின்வாசல் படி ஏறி அடுப்படிக்குள்ள வந்ததும், ரெண்டு போனும் ஒண்ணையொண்ணு கேட்டுக்கிட்டு "கீ..."ன்னு கத்த ஆரம்பிச்சுதுக. அந்தக் கத்தலுக்குப் பெட்டிக்குள்ள இருந்து பதிலுக்கு ஒரு "வீக்!" வந்துச்சு. அது மிச்சரு. அதுக்குப் பின்னாடியே இன்னொண்ணு, நூலு மாதிரி மெல்லிசா. போன் சத்தமா பன்னான்னு தெரியல.

நித்யா போனையே பாத்துக்கிட்டிருந்தா. அதுக்குள்ள அப்பா தோளுக்குப் பின்னாடி ஒரு செவப்பு சிலிண்டர் தெரிஞ்சுது. அது பக்கத்துல பொங்கப் போற பாலு, அம்மா கை. நிமிந்து அடுப்படி வாசலப் பாத்தா. நீலம். திரும்பப் போனப் பாத்தா. நீலம். போன் கத்திக்கிட்டே இருந்துச்சு. மூணு வருசத்துல போன எப்பவும் அவன்தான் கட் பண்ணுவான், பிரேக் முடிஞ்சுருச்சுன்னு. அவ அழுவா. இன்னைக்கு அவ ஒரு வெரல நீட்டிப் போன்ல செவப்புப் பொத்தான அழுத்துனா. வீடு அமைதியாச்சு.

போனத் தரையில வச்சா. அடிவயித்துக்கு ஒரு கை, முதுகுக்கு ஒரு கை, போன்ல அவன் சொல்லிக் குடுத்த மாதிரியே பன்ன எடுத்தா. எந்திரிச்சு வந்து நீட்டுனா. அஜித் முட்டி போட்டான். ஜிப்ப ஒரு சாண் எறக்குனான். பன்னு கொஞ்சம் தயங்கிட்டு, இருட்டப் பாத்ததும் உள்ள நழுவிருச்சு. கன்னுக்குட்டி மூக்கு மாதிரி ஈரமா ஒண்ணு அவன் நெஞ்சுல பட்டுச்சு. நித்யா நெல்லிக்காத் துண்ட அந்தத் தொறப்புல வச்சு உள்ள தள்ளுனா.

"மெல்லுதா?"ன்னா. யாருகிட்டக் கேட்டாளோ, சொல்ல முடியாது.

"தெரியலயே ஆத்தா. நீ கேட்டுப் பாரு."

அவ ஒரு அடி முன்னாடி வச்சா. அப்புறம் இன்னொரு அடி. கம்பளி தோள்லேருந்து நழுவிக் கீழ விழுந்துச்சு. அந்த நீலத் துணி மேல காத வச்சு அழுத்தி, மூச்ச அடக்கிக் கண்ண மூடிக்கிட்டுக் கேட்டுக்கிட்டே இருந்தா.