நான்காம் நாளை வெட்டிவிட்டார்கள்

1.

என் அப்பா ஆலயமணியைத் திருடவில்லை. கதையின் முடிவு இதுதான். முடிவை முதல் வரியில் போடுவது அழகல்ல என்று எனக்கும் தெரியும். காரணம் இருக்கிறது.

ஆறு மாதம் முன்பு என் வலைப்பூவில் ஒரு கதை எழுதினேன். பல வருஷம் முன்பு, கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் சபையின் சிறிய மணி விரிசல் கண்டது. ஆலயத்தைத் திறந்து மூடி மணியடிக்கும் கோயில்பிள்ளை வேலை அப்பாவுக்கு. யாரிடமும் சொல்லாமல் மணியைச் சைக்கிளில் கட்டி, குன்றத்தூர்ப் பக்கம் வெண்கல வேலை செய்யும் ஒரு கன்னாரிடம் கொண்டுபோனார். மூன்று நாள் சபையே அவரைத் திருடன் என்றது. நான்காம் நாள் சரிசெய்த மணியோடு வந்து நின்றார். நடந்ததை அப்படியே எழுதினேன். அப்பாவின் சொந்தப் பெயரையே போட்டேன். அந்தப் பெயரை எதற்காக மறைக்க வேண்டும் என்ற வீராப்பு.

2.

அப்பா திருடவில்லை. (ஒவ்வொரு பகுதியும் இப்படித்தான் தொடங்கும். எங்கே வெட்டினாலும் இந்த வரி கூடவே போகட்டும்.)

ஏதோ ஒரு தளம் 'தாம்பரம் பற்றி நீங்கள் அறியாத பத்துத் தகவல்கள்' என்று பக்கம் போட்டது. ஏழாவது தகவல் என் கதை. மூன்றாம் நாளோடு நிறுத்திவிட்டார்கள். கீழே முழங்கால் தைல விளம்பரம். அதைப் பார்த்து இன்னும் பதினொரு தளங்கள். இப்போது அப்பா பெயரைத் தேடினால், கேட்காமலே ஒரு பதில் மேலே வந்து நிற்கிறது: 'ஆலயமணியைத் திருடியவர்.'

ஆகவே இந்த முறை என் குடும்பத்துப் பெயர் எதையும் உள்ளே விடமாட்டேன். கதையில் நான் சாலமன். வயது எழுபத்திரண்டு. இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. [முதல் வரைவில் 'சிடுமூஞ்சி' என்றும் இருந்தது. அடித்துவிட்டேன்.]

3.

அப்பா திருடவில்லை.

சாலமனின் பேத்தி கிறிஸ்டினாவுக்குக் கல்யாணம். ஆலயத்தில் இரண்டு ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாம் ஞாயிறும் போதகர் மணமக்களின் பெயரைச் சொல்லி, ஆட்சேபணை உண்டா என்று கேட்பார். யாரும் எழாவிட்டால் கல்யாணம் உறுதி. வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் அப்பா போன் செய்தார்.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க சொந்தக்காரங்க குரூப்ல உங்கப்பா சமாச்சாரம் சுத்திக்கிட்டிருக்கு. எவனாவது எழுந்து நின்னுட்டா அசிங்கம். ஒரு மாசம் தள்ளிப் போட்டா என்ன?"

"தள்ளினா ஒத்துக்கிட்டதா ஆயிடும்" என்று சாலமன் போனை வைத்தார்.

கிறிஸ்டினா அந்தத் தளத்தின் புகார்ப் பக்கத்தைத் திறந்து கொடுத்தாள். 'நான் ரோபோ அல்ல' என்று உறுதி கேட்டது. பிறகு சைக்கிள் உள்ள படங்களைத் தொடச் சொன்னது.

"இதுல பாதி சக்கரம்தான் இருக்கு. இது சைக்கிளா?"

"தொடுங்க தாத்தா."

"பாதியப் பார்த்து முழுசுன்னு சொல்றதுதானே இங்க கோளாறே!"

அவர் தொடவில்லை. பக்கம் அவரை ரோபோ என்று முடிவுகட்டி மூடிக்கொண்டது.

"யார்கிட்டதான் சொல்றது? அங்க ஆளே இல்லையா?"

"கிடையாது தாத்தா. மெஷின் எழுதுது, மெஷின் படிக்குது. நடுவுல என் மாமனார் மட்டும்தான் மனுஷன்."

4.

அப்பா திருடவில்லை.

முடிவு ஒன்று: சம்பந்தி பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்து, "அந்தக் குடும்பம்..." [வேண்டாம். எழுதினால் நாளைக்கே எட்டாவது தகவல் ஆகிவிடும்.]

முடிவு இரண்டு: யாரும் எழவில்லை. [அப்போதும் சந்தேகம் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கும்.]

மூன்றாவதைச் சாலமன் பேத்தியிடமே சொன்னார். "போதகர் கேட்டதும் நானே எழுந்து நாலாம் நாளைச் சொல்லிடறேன்."

"ஆட்சேபணைக்கு நீங்களே எழுந்தா என் கல்யாணம்தான் நிக்கும்!"

நகத்தைக் கடித்துத் துப்பிவிட்டு அவளே சொன்னாள்.

"சரி, எழுந்திருங்க. ஆனா உங்க கதை மாதிரி இழுக்காதீங்க. முடிவ முதல்ல சொல்லிடுங்க."

இந்தக் கதையின் முதல் வரி அவள் கொடுத்தது.

5.

அப்பா திருடவில்லை.

இன்று சனிக்கிழமை. இதை மெஷின் எங்கே வெட்டும் என்று பார்க்க எனக்கே ஆசையாக இருக்கிறது. அதைவிடப் பெரிய ஆசை நாளையைப் பற்றியது. அப்பா சுமந்துவந்த அதே மணி காலையில் அடிக்கும். போதகர் கேட்பார். சாலமன், இல்லை, நான் எழுந்து முதல் வரியைச் சொல்வேன். அது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

நீங்களும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருங்கள். எனக்கு முன்வரிசையில் சம்பந்தி இருப்பார். அவர் திரும்பிப் பார்க்கும்போது, ஆமாம் என்று முதலில் தலையசைப்பது யார் என்பதை நான் எழுதப்போவதில்லை.