பாட்டில் பிடித்த ஆள்

மேவிஸ் ஸ்காட்னி ஊர் மன்றத்தின் கதவைக் காலால்தான் திறந்தாள். ஒரு கையில் குடை, மறு கையில் பை என்பதெல்லாம் சாக்கு. உதைக்க வேண்டும் என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்துகொண்டு வந்திருந்தாள்.

உள்ளே எட்டுப் பேர் இருந்தார்கள். ஹேகர்பி ஊர் வரலாற்றுச் சங்கம் வியாழக்கிழமை இரண்டு மணிக்குக் கூடும். தேநீர்க் கொதிகலன் ஒரு மூலையில் உறுமிக்கொண்டிருக்கும். யாராவது ஒரு பழைய புகைப்படத்தைக் கொண்டுவருவார்கள். அதன்மேல் கண்ணாடிபோன்ற மெல்லிய தாளை விரித்து, ஒவ்வொரு தலையைச் சுற்றியும் வட்டம் போட்டு, எண் கொடுப்பார்கள். மூன்றாம் எண் யார், ஏழாம் எண் யார் என்று சண்டை போடுவார்கள். சந்தேகம் இருக்கும்வரை பெயர் பென்சிலில் இருக்கும். சங்கம் ஒப்புக்கொண்டபின் மையில் ஏறும். மையில் ஏறிய பெயரை அழித்ததாக ஹேகர்பியில் வரலாறே கிடையாது.

இதையெல்லாம் நடத்துகிறவன் கிளிஃப் லேமிங். எழுபத்தொன்பது வயது. சங்கத்தைத் தொடங்கியவர் அவன் அப்பா. செயலாளர் பதவி அவரிடமிருந்து மகனுக்குச் சொத்துபோல வந்தது.

மேவிஸைக் கண்டதும் சங்கத்தின் தலைவி கிளெண்டாதான் முதலில் சிரித்தாள். அவள் யாரைப் பார்த்தாலும் சிரிப்பாள், பால்காரனிடமும் பாதிரியாரிடமும் ஒரே சிரிப்பு.

"வா கண்ணு, உக்காரு. டீ போடட்டுமா?"

"டீ குடிக்க வரல. அந்தப் பலகைய நடாதீங்கன்னு சொல்ல வந்தேன்."

"எந்தப் பலகை?" என்றான் கிளிஃப். கேட்டுக்கொண்டே அதன்மேல்தான் முழங்கையை ஊன்றியிருந்தான்.

பலகை மேசையின் பாதியை அடைத்துக்கொண்டு படுத்திருந்தது. ஒன்றரை மீட்டர் அகலம், மழை வெயில் தாங்கும் பளபளப்பான அச்சு. சனிக்கிழமை அதை வாய்க்கால் கரையில், பழைய நீரேற்று நிலையம் இருந்த இடத்தில் நடப்போகிறார்கள். நாயோடு நடப்பவர்கள், பள்ளிப் பிள்ளைகள், வெளியூர்க்காரர்கள் எல்லாரும் இனி அதை வாசித்துவிட்டுத்தான் போவார்கள்.

அதில் இருந்தது அந்தப் படம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டில் எடுத்தது. ஊரில் தேங்கும் தண்ணீரை இறைத்து வாய்க்காலில் விடும் நீராவி எந்திரத்தில் வேலை பார்த்த ஆறு பேர் கொட்டகைக்கு முன்னால் வரிசையாக நிற்கிறார்கள். இடது கோடியில் ஒருவன், தொப்பியைச் சாய்த்து, பல் தெரியச் சிரித்து, கையில் ஒரு பாட்டிலைப் பிடித்திருக்கிறான். வலது கோடியில் ஒருவன் கை கட்டி, நெஞ்சை நிமிர்த்தி, கேமராவையே அதட்டுவதுபோல் பார்க்கிறான். இடது கோடிக்குக் கீழே 'ஏமோஸ் ஸ்காட்னி: வெள்ளத்தின்போது எந்திரக் காவலில் இருந்தவர்' என்று போட்டிருந்தது. வலது கோடிக்குக் கீழே 'எட்வின் லேமிங்: குழந்தைகளைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட வீரர்'.

ஏமோஸ் மேவிஸின் தாத்தா. எட்வின் கிளிஃபின் தாத்தா.

படம் எடுத்த மூன்றாம் மாதம் வெள்ளம் வந்தது. எந்திரம் நின்றது. இரண்டு குழந்தைகள் செத்தார்கள், அவர்களைப் பிடிக்கப் போன எட்வினும் செத்தார். கொதிகலன் குழாய் வெடித்துவிட்டது என்றுதான் விசாரணையில் எழுதினார்கள். ஏமோஸ் ஐந்து வருஷம் கழித்துப் போரில் மாண்டார். அப்பன் செத்தபோது இரண்டு பேருடைய பிள்ளைகளும் தொட்டில் குழந்தைகள். அப்பன் முகம் இரண்டு பேருக்கும் தெரியாது. வெள்ளம் வீட்டிலிருந்த படங்களையும் கொண்டுபோயிருந்தது.

அறுபத்தாறு வருஷம் எல்லாம் அடங்கிக் கிடந்தது. எழுபத்தெட்டில் கிளிஃபின் அப்பா ஹெரால்டுக்கு யாருடைய பரணிலிருந்தோ ஒரு கண்ணாடித் தகடு கிடைத்தது. அதன் உறையில் ஆறு பெயர்கள், இடமிருந்து வலம். அவரே இருட்டறையில் அச்சிட்டு, 'ஹேகர்பி: பழைய படங்கள்' என்று புத்தகம் போட்டார். ஊரே பார்த்தது. 'ஓகோ, குழாய் வெடிச்சுதா? கையில பாட்டிலப் பாருங்க' என்றது. அன்றிலிருந்து குழாய் வெடிக்கவில்லை, ஸ்காட்னி குடித்துவிட்டுத் தூங்கினான். மேவிஸின் அப்பாவை பப்பில் அம்பு எறிந்து விளையாடும் குழுவிலிருந்து நீக்கினார்கள். ஆண்டுதோறும் வெள்ளம் வந்த நாளில் விடிந்து கதவைத் திறந்தால் வாசற்படியில் காலி ஜின் பாட்டில் ஒன்று நிற்கும். அப்பா அதை எடுத்துக் கழுவிப் பின்கட்டில் அடுக்குவார், ஒரு வார்த்தை பேசமாட்டார். அவர் சாகும்போது எட்டு பாட்டில்கள் இருந்தன.

மேவிஸ் வேறு ஜாதி. புத்தகம் வந்த வாரமே ஒரு பிரதி வாங்கி, தையல் ஊசியால் அந்த வீரர் எட்வின் லேமிங்கின் இரண்டு கண்ணையும் குத்தி எடுத்தாள். அப்போது அவளுக்கு இருபத்தைந்து வயது, குழந்தைத்தனம் என்று சொல்லித் தப்ப முடியாது. குத்தி முடித்ததும் மனது ஆறியது. அதன்பிறகு அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. மன்றச் சுவரில் மாட்டியிருந்த படத்தையும் முகம் திருப்பிக்கொண்டுதான் கடப்பாள்.

"பேர எடுத்துடு கிளிஃப். மத்தது எப்படியோ போகட்டும்," என்றாள் இப்போது. "எங்கப்பா செத்துட்டாரு. நான் இன்னும் எத்தன வருஷம் இருக்கப்போறேன்? வாய்க்கால் கரைல, மழையிலயும் வெயில்லயும், எங்க தாத்தாவ பாட்டிலோட நிக்க வைக்காத."

"வரலாறுன்னா வரலாறுதான். உனக்கு வேணும்னு ஒண்ணு, எனக்கு வேணும்னு ஒண்ணு எழுத முடியுமா?"

"குழாய் வெடிச்சதும் வரலாறுதான? அத ஏன் போடல?"

"இடம் இல்ல."

"வீரர்னு போட மட்டும் இடம் இருந்துச்சாக்கும்!"

யாரோ பிஸ்கட்டைக் கடிக்கும் சத்தம் கேட்டது. கிளிஃப் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"இந்தா பாரு மேவிஸ். நான் யாரையும் குடிகாரன்னு எழுதல. படத்த வச்சேன், அவ்வளவுதான். பாக்கிறவன் பாத்துக்கட்டும். மூஞ்சியிலேயே எழுதியிருக்கே, நான் வேற எழுதணுமா? எங்க தாத்தாவப் பாரு, எப்படி நிக்கிறாரு! அந்தத் தாடை அப்படியே எனக்கு வந்திருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க."

"ஆமாமா, அச்சு அசல்," என்றாள் கிளெண்டா.

மேவிஸ் பதிலுக்கு அந்தத் தாடையைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்றுதான் பலகைமேல் குனிந்தாள். நாற்பத்தாறு வருஷம் பார்க்காமல் ஒதுக்கிய படம் இப்போது முழ நீளத்துக்கு ஒவ்வொரு ஆளாகக் கிடந்தது. புத்தகத்தில் கட்டை விரல் அளவே இருந்த உடம்பில் இங்கே தையல்கூடத் தெரிந்தது.

அவள் பார்த்தது தாடையை அல்ல. நாற்பது வருஷம் கடைவீதியில் துணி திருத்திக் கொடுத்தவள் அவள். ஆளைப் பார்க்குமுன் அவன் போட்டிருக்கும் கோட்டைப் பார்க்கிற கண்.

"கிளிஃப், எழுந்திரு," என்றாள்.

"எதுக்கு?"

"எழுந்திருன்னா எழுந்திரு. உன் கோட்ட மாட்டு. பட்டனப் போடு."

கிண்டல் செய்கிறாள் என்று நினைத்து அவன் சிரித்துக்கொண்டே எழுந்து பட்டனைப் போட்டான்.

"இடப்பக்கத் துணி மேல வருது, பாத்தியா? ஆம்பள கோட்டு அப்படித்தான் மூடும். பொம்பளைக்கு வலப்பக்கம் மேல வரும். இப்ப இவனப் பாரு." ஒரு விரலைப் பாட்டில்காரன்மேல் வைத்தாள். "வலப்பக்கம் மேல. பக்கத்துல நிக்கிறவன், வலப்பக்கம் மேல. ஆறு பேரும் பொண்டாட்டி கோட்டத் தூக்கி மாட்டிட்டு வேலைக்கு வந்தாங்களா? மார்ப் பாக்கெட் எங்க இருக்கு பாரு, ஒருத்தனுக்கு விடாம வலது நெஞ்சில. எந்தத் தையக்காரன் தச்சான் இத?"

முன்வரிசையில் ஒரு கிழவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டார்.

"அந்தக் காலத்துல வேற மாதிரி..." என்று கிளெண்டா ஆரம்பித்தாள்.

"வேற மாதிரியெல்லாம் கிடையாது. தகடு எங்க?"

தகடு அங்கேயே இருந்தது. சனிக்கிழமை எல்லாருக்கும் காட்டுவதற்காக கிளிஃப் பஞ்சு வைத்த பெட்டியில் கொண்டுவந்திருந்தான். ஆண்டுதோறும் அவன் ஒரு சொற்பொழிவு செய்வான்: பழைய கண்ணாடித் தகட்டை எப்படிப் பிடிக்க வேண்டும், பளபளக்கும் பக்கம் நம்மைப் பார்க்க வேண்டும், மருந்து பூசிய மங்கல் பக்கம் அப்பால் இருக்க வேண்டும், மாற்றிப் பிடித்தால் படம் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பிவிடும். ஊரில் எல்லாருடைய தகடுகளையும் அப்படிச் சோதித்தவன் இதை மட்டும் சோதித்ததில்லை. அப்பா அச்சிட்டது, அப்பாவே அச்சிட்டது. அதற்குமேல் என்ன சோதனை?

"பிடி," என்றாள் மேவிஸ். "உன் பாடத்துல சொல்ற மாதிரியே பிடி."

அவன் ஜன்னல் பக்கம் போனான். விரல் நுனியால் தகட்டின் மூலையைத் தடவி மங்கல் பக்கத்தைக் கண்டுபிடித்தான். அதை வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, பளபளப்பைத் தன் முகத்துக்கு நேராக உயர்த்தினான். பின்னால் வந்து நின்ற கிளெண்டாதான் முதலில் சொன்னாள்.

"ஐயோ. பாட்டில்காரன் இந்தக் கோடியில நிக்கிறானே கண்ணு."

"எந்தக் கோடி? சத்தமாச் சொல்லு," என்றாள் மேவிஸ்.

"வலது."

உறையில் வலது கோடியில் எழுதியிருந்த பெயர் எட்வின் லேமிங். அதை யாரும் வாசிக்கவில்லை, தேவையும் இல்லை. கிளிஃப் தகட்டைப் பஞ்சில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். ஒரு நிமிஷத்தில் பத்து வயது கூடிப்போன மாதிரி இருந்தான். மேவிஸுக்கு இரக்கம் வரவில்லை. வரும் என்று கொஞ்சம் பயந்திருந்தாள், வராததில் நிம்மதியாக இருந்தது.

பிறகு அவன் வாயைத் திறந்தான்.

"அது ஆறின தேத்தண்ணி."

"என்னது?"

"பாட்டில்ல. அந்தக் காலத்துல வேலைக்காரங்க எல்லாரும் பாட்டில்லதான் தேத்தண்ணி கொண்டு போவாங்க. ஆற வச்சது. பால்கூட இருக்காது. எந்தப் புத்தகத்துல வேணும்னாலும் பாரு."

"ஆமா, எங்க தாத்தாகூட அப்படித்தான்," என்றாள் கிளெண்டா. இன்னும் இரண்டு தலைகள் ஆடின.

மேவிஸ் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு அவளுக்கே பிடிக்கவில்லை.

"நாப்பத்தாறு வருஷமா அது ஜின்னு கிளிஃப். இன்னிக்கு ரெண்டு மணிக்கு நான் உள்ள வரும்போதும் ஜின்னு. இந்தக் கண்ணாடியத் திருப்பிப் பிடிச்சதும் டீயாயிடுச்சா? எங்கப்பன் வாசல்ல எட்டு வருஷம் வச்சீங்களே, அதுலயும் டீதான் இருந்துச்சா?"

"நான் வைக்கல."

"நீ வைக்கல. உங்கப்பன் புத்தகம் வச்சுது."

"சரி, பலகையே வேண்டாம்," என்றாள் கிளெண்டா அவசரமாக. "இல்லன்னா 'பெயர் தெரியாத தொழிலாளர்கள்'னு போட்டுடலாம். யாருக்கும் வருத்தம் இருக்காது."

"எனக்கு இருக்கும். பலகை வேணும். படத்த நேரா அச்சடிச்சு, ஆறு பேரையும் போட்டு, அதே இடத்துல வைங்க. குழாய் வெடிச்சதையும் போடுங்க. வீரர்னும் போட்டுக்கோங்க, நான் மறுக்கல, மனுஷன் தண்ணில குதிச்சது உண்மை. ஆனா பாட்டிலுக்குக் கீழ லேமிங்னு இருக்கணும்."

"என் பேரப்பிள்ளைங்க அந்த வழியாத்தான் ஸ்கூலுக்குப் போகுது மேவிஸ்," என்றான் கிளிஃப். முதல்முறையாகக் கெஞ்சுகிற குரல்.

"நானும் அந்த வழியாத்தான் கடைக்குப் போனேன்."

புது மெல்லிய தாள் ஒன்றை அவன் முன்னால் தள்ளினாள். அவன் பென்சிலை எடுத்தான். அவள் அதைப் பிடுங்கி, பேனாவைக் கொடுத்தாள். ஆறு பெயரையும் இடம் மாற்றி எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். கோணல்மாணலான கையெழுத்துதான், ஆனால் மை. யாருக்கும் நன்றி சொல்லாமல் வெளியே வந்தாள், கதவையும் சாத்தவில்லை.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் கால் தரையில் படவில்லை. அப்பா இருந்திருக்க வேண்டும் என்று மூன்று முறை வாய்விட்டே சொன்னாள். ஸ்காட்னி வீட்டில் ஒரு படம்கூட இருந்ததில்லை. இன்று ஒரு தாத்தா கிடைத்திருக்கிறார், அதுவும் கை கட்டி, நெஞ்சு நிமிர்த்திய தாத்தா. இன்னொரு முறை நன்றாகப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. மன்றத்தில் கோபத்தில் சரியாகப் பார்க்கவில்லை.

கோட்டைக்கூடக் கழற்றாமல் அலமாரியின் அடியிலிருந்து புத்தகத்தை இழுத்தெடுத்தாள். தூசியைத் தட்டி, ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பக்கத்தைத் திறந்தாள்.

கை கட்டி நின்ற மனிதரின் முகத்தில் கண் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. அவற்றின் வழியாக அடுத்த பக்கத்து எழுத்து தெரிந்தது. விரலால் பின்னாலிருந்து காகிதத்தைத் தடவி ஓட்டைகளை மூடப் பார்த்தாள். நன்றாக அழுத்தித்தான் குத்தியிருந்தாள்.