பெட்டிக்குள் பெண்ணின் அப்பா

மகள் கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கையில் என் அக்கா கணவர் நல்லபெருமாள் ஒரு மரப் புதிர்ப்பெட்டிக்குள் போனார். தென்காசியில் இந்தப் பெட்டிகளைச் சேர்ப்பவர்கள் நாங்கள் பதினோரு பேர். பூட்டும் கிடையாது, சாவியும் கிடையாது. பலகைகளை வரிசை தவறாமல் நகர்த்தினால்தான் திறக்கும். புதுப் பெட்டி வாங்குகிறவர் தம்மிடம் உள்ளதிலேயே மதிப்பான பொருளை அதற்குள் வைத்து மூடி, இன்னொருவரிடம் திறக்கக் கொடுக்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி. செயலாளர் தம் பட்டச் சான்றிதழை வைத்தார். அத்தான் இரண்டு நாள் யோசித்துவிட்டு, தாமே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். நேர்மையான தேர்வு என்று சங்கத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்டோம். பெட்டி நடுத்தரப் பூசணிக்காய் அளவு இருக்கும்.

திறப்பது என் முறை. மொத்தம் இருபத்தேழு நகர்த்தல். நான்காம் நாளே இருபத்தாறை முடித்துவிட்டேன். கடைசிப் பலகை மட்டும் அசைய மறுத்தது.

அப்பாதான் தன்னைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும் என்பது மகள் உலகம்மையின் ஆசை. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு பெட்டியின் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, கடைசிப் பலகைய எப்படித் தள்ளணும்னு மாமாட்ட சொல்லுங்களேன்."

"சொன்னா பெட்டிக்கு மதிப்புப் போயிரும்லா, தாயி," என்றார் அத்தான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது. அவர் சொல்லியிருந்தால் நான் காதைப் பொத்திக்கொண்டிருப்பேன் என்பது வேறு விஷயம்.

அடுத்து அக்கா ரம்பத்தோடு வந்தாள்.

"அறுத்துருவமால?"

"ஈட்டி மரம்க்கா."

அவள் மரத்தைத் தடவிப் பார்த்தாள். ரம்பத்தை வைத்துவிட்டு, பலகை இடுக்கு வழியாக இரண்டு அப்பளத்தை உள்ளே தள்ளினாள். வேறெதுவும் அதில் நுழையாது.

வெள்ளிக்கிழமை பெட்டிக்குப் பட்டு வேட்டி சுற்றி, சந்தனம் பூசி மணவறையில் வைத்தோம். உலகம்மை மூடிமேல் கை வைத்தாள். அக்கா நீர் வார்த்தாள். தாலி கட்டும்வரை பெட்டி யாரையும் அதட்டவில்லை, சமையல்காரரிடம் சண்டைக்குப் போகவில்லை. மாப்பிள்ளையின் தகப்பனார் வேலாயுதம், இப்படியொரு தங்கமான சம்பந்தி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று எல்லோரிடமும் சொன்னார். அவரை யாரும் கவனிக்கவில்லை. மாலைகளெல்லாம் பெட்டிக்கே போயின.

பந்தியிலும் முதல் இலை பெட்டிக்குத்தான். நான் அதன் வலப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பழக்கதோஷத்தில் கடைசிப் பலகையைத் தள்ளப் போனவன், வலது கையில் சாம்பார் சாதம் இருந்ததால் இடது கையால் இடப்பக்கம் தள்ளினேன். நகர்ந்துவிட்டது. நல்ல காரியம் நடக்கிற வீடாயிற்றே என்று இத்தனை நாளும் வலது கையால் வலப்பக்கம் மட்டுமே தள்ளியிருக்கிறேன்.

அத்தான் வெளியே வந்து, கைகால்களை நீட்டி நிமிர்த்தி, முதல் இலைக்கு முன் உட்காரப் போனார்.

"அது பொண்ணோட அப்பாவுக்குப் போட்ட இலை. நீங்க அடுத்த பந்தில உக்காருங்க," என்று சொல்லிவிட்டு அக்கா பெட்டிக்குப் பாயசம் ஊற்றினாள்.

பந்தி முடிந்ததும் பெட்டியை மறுபடி மேடைக்குக் கொண்டுபோனார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் ஆசீர்வாதம் வாங்க வந்தார்கள். அத்தான் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். இருவரும் அவரைச் சுற்றிக்கொண்டு போய்ப் பெட்டியின் முன் விழுந்து வணங்கினார்கள். உலகம்மை நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. தூக்கிய கையை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. பார்க்கப் பாவமாக இருந்தது.

"மாப்ளே," என்று என் காதருகே குனிந்தார். "என்ன திரும்ப உள்ள வச்சு மூடிரு."

இருபத்தேழு நகர்த்தலும் இப்போது எனக்குத் தலைகீழ்ப் பாடம். இடது கையால் மூடியைத் திறந்தேன். உள்ளே வேலாயுதம் காலை மடக்கி, மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தார்.

"ஆள் இருக்கு," என்றார்.