ஆளில்லாத பெட்டி

ஐப்பசி மழையில் உப்பளம் முழுகிவிட்டால் மரக்காணத்தில் எங்களுக்கு வேலை கிடையாது. 2005-இலும் கட்டட வேலைக்கென்று பதினாறு பேர் கிளம்பித் திண்டிவனத்தில் பாசஞ்சர் ரயில் ஏறினோம்.

சீட்டெல்லாம் காலிதான். ஆனாலும் தரையில்தான் உட்கார்ந்தோம். சீட்டில் காலை மடக்க இடமில்லை; உப்புத் தண்ணீரில் வெடித்த காலைத் தொங்கப்போட்டால் வலியில் உயிர் போகும்.

சாரலுக்காக ஜன்னல் ஷட்டர்களை இறக்கினோம். சிக்கிக்கொண்டன, திரும்ப ஏறவில்லை. கொஞ்ச நேரத்தில் ஃபேன்களும் நின்றுபோயின. என் வீட்டுக்காரர் தனக்கோடிக்கு இழுப்பு வந்துவிட்டது. உதடு கறுத்துப்போய், என் தோளில் சாய்ந்து காற்றுக்குத் தவித்தார்.

பெட்டியின் கோடியில் மட்டும் இரண்டு ஃபேன் ஓடின. அதில் ஒன்றின் கீழே, சீட்டில் ஒரு ரயில்வே இன்ஜினியர் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். தட்சணாமூர்த்தி என்று கழுத்து அட்டையில் இருந்தது. தனக்கோடியைச் சீட்டில் சாய்த்துவிட்டு அவரிடம் ஓடினேன்.

"சார், ஃபேன் நின்னுபோச்சு. எங்க வீட்டுக்காரருக்கு மூச்சு வரல."

"கரன்ட் மிச்சம் பண்ணப் புது ஏற்பாடும்மா. சீட்ல ஆள் உக்காந்தாத்தான் ஓடும். கீழ உக்காந்தா மிஷினுக்கு எப்படித் தெரியும்?"

நோட்டைப் பார்த்தேன். பெட்டியில் ஆள் இரண்டு என்று எழுதியிருந்தார்.

"உங்களச் சேத்து ஒண்ணு. இன்னொரு ஆள் யாரு சார்?"

எதிர் சீட்டில் அவருடைய பை இருந்தது. தடித்த பை. அதற்கு மேலே ஃபேன் சுகமாகச் சுற்றியது.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பைக்குக் காற்று, என் புருஷனுக்கு இல்லையா? பையைத் தூக்கிக்கொண்டு போய், தனக்கோடி சாய்ந்திருந்த சீட்டில் வைத்தேன். தலைக்கு மேலே ஃபேன் ஓடத் தொடங்கியது. இழுப்பு மெல்லத் தணிந்தது.

செங்கல்பட்டு வந்ததும் இன்ஜினியர் கையை நீட்டினார்.

"பையைக் குடும்மா, எறங்கணும்."

"பதினேழு ஆள்னு எழுதுங்க சார். எழுதிட்டு எடுத்துக்குங்க."

"மிஷின் காட்டுறதைத்தாம்மா எழுதணும்."

"கண்ணு இருக்குதில்ல? கண்ணு காட்டுறத எழுதுங்க!"

பையை விடவில்லை நான். ரயில் ஊதியது. அவசரமாக இரண்டை அடித்துவிட்டுப் பதினேழு என்று எழுதினார். பையை வாங்கிக்கொண்டு இறங்கி ஓடினார்.

ஃபேன் நின்றது. தனக்கோடி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். நான் அந்த சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். தாம்பரம் வருவதற்குள் தொங்கிய காலில் வெடிப்பு பிளந்து ரத்தம் தரையில் சொட்டியது. நான் எழுந்திருக்கவே இல்லை.