கோபுரத்தில் எரியாத கோடு

குரல் செய்தி வந்தது சகாயத்தின் ஃபோனுக்கு. அதைத் திறந்து கேட்க அவருக்குத் தெரியாது. கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தவர் மருமகள் ஷிஜியைக் கூப்பிட்டு ஃபோனை நீட்டினார். அடுப்பில் மீன்கறி கொதிக்கிற அவசரத்தில் அவளும் ஊருக்கே கேட்கும்படி சத்தமாக வைத்துவிட்டாள்.

"மாமா, ஜெஃப்ரினாக்கும். பெனின் இன்னைக்கு காலைல சாடிட்டான். ஷிஜிகிட்ட இப்பம் பறய வேண்டாம். நான் வேலைக்கு ஏறப்போறேன். பொறவு விளிக்கேன்."

அவ்வளவுதான். பத்து நொடிகூட இல்லை. இந்தக் கரையில் குதிப்பதைச் சாடுவது என்பார்கள். படகிலிருந்து கடலில் சாடுவார்கள், மதிலிலிருந்து தெருவில் சாடுவார்கள். ஷிஜியின் புருஷன் பெனினுக்கு வேலை துபாயில். உலகமே அண்ணாந்து பார்க்கிற ஒரு கோபுரத்தின் கண்ணாடிச் சுவரில் கயிற்றில் தொங்கியபடி, அதில் மின்னுகிற வண்ண விளக்குகளைக் கழற்றி மாட்டுகிற வேலை. அவன் சாடிவிட்டான் என்று கூடவே தங்கியிருக்கும் ஜெஃப்ரின் சொன்னால், பெண்டாட்டி வேறு என்னவென்று நினைப்பாள்?

பெனினின் எண்ணைக் கூப்பிட்டாள். அணைந்து கிடந்தது. ஜெஃப்ரினின் எண் அடித்து அடித்து ஓய்ந்தது. கயிற்றில் ஏறுவதற்கு முன்னால் ஃபோன், சாவி, சில்லறை எல்லாவற்றையும் கீழே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். "அங்க இருந்து ஒரு சாவி விழுந்தாலே கீழ நிக்கவனுக்க மண்டை பொளந்துரும் ஷிஜி" என்று பெனின் ஒருநாள் பெருமையாகச் சொல்லியிருந்தான். இப்போது அந்த வார்த்தை நினைவுக்கு வந்து அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சகாயம் வலையைக் கீழே போட்டார். "மக்கா, இன்னொரு மட்டம் வையி" என்றார். வைத்தாள். மூன்று தடவை கேட்டார். பிறகு சட்டையைக்கூடப் போடாமல் பங்குசாமியைப் பார்க்கக் கோயிலுக்கு நடந்தார்.

ஊர் சும்மா இருக்குமா? அரை மணி நேரத்தில் முற்றம் நிறைந்தது. பக்கத்து வீட்டுச் செல்லக்கனி ஜெபமாலையும் கையுமாக வந்து ஷிஜியின் தோளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவே பின்னால் நின்றவளிடம் திரும்பி, "தானா சாடினவனுக்குக் கோயில்ல சாவு மணி அடிப்பாவளாட்டி?" என்று மெதுவாகக் கேட்டாள். ஷிஜியின் காதில் விழாத அளவுக்கு மெதுவாக இல்லை.

இதே முற்றத்தில்தான் இவர்களெல்லாம் கோபுரம் பார்த்தார்கள். துபாயில் யாரோ தினமும் அதை நேரலையில் காட்டுகிறான். நம்மூருக்கு ஏழரை மணி ஆனதும் கோபுரம் அடியிலிருந்து நுனிவரை நிறம் மாறும். ஷிஜி ஃபோனைச் சுவரில் சாய்த்துவைத்து, "இது எங்க ஆளு போட்ட லைட்டாக்கும்" என்பாள். சும்மா சொல்லக்கூடாது, அவளுக்கு அதில் நல்ல கர்வம். கல்யாணத்தின்போது பெனின் திருநாளுக்கும் கல்யாண வீட்டுக்கும் சீரியல் லைட் கட்டிக்கொண்டிருந்தவன். "கொடிமரத்துல ஏறவே பேடிச்சவனையா கெட்டினா?" என்று கேலி செய்த வாய்களை அந்தக் கோபுரம்தான் அடைத்தது.

ஈஸ்டர் முடிந்த வாரம் அவன் ஃபோனில் கேட்டான்: "ஷிஜி, எனக்கு மதியாச்சு, போதும். நான் வரட்டா?"

அவள் சிரித்துவிட்டாள். "வந்து என்னத்துக்கு? திரும்பவும் சீரியல் செட்டு கெட்டவா? ஊரே உங்க டவரைத்தான் பாக்குது. எந்த மொகத்தோட வருவிய?"

அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் அவள் இப்போது திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான்தான் தள்ளிவிட்டேன், மாதாவே, நான்தான் தள்ளிவிட்டேன் என்று நெஞ்சுக்குள் அடித்துக்கொண்டாள். வெளியே ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

ஏழரை ஆனது. யாரும் சொல்லாமலே ஷிஜி ஃபோனை எடுத்தாள். ஒரு வாரமாகக் கோபுரத்தின் உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு கோடு மட்டும் எரியாமல் கிடந்தது. நேற்று பெனின் சொல்லியிருந்தான்: "நாளைக்கு அத நான் சரியாக்கிருவேன். பாத்துட்டு சொல்லு." அந்தக் கோடு எரிந்தால் அவன் இன்று வேலை பார்த்திருக்கிறான். எரியாவிட்டால்? அதற்குமேல் அவளால் யோசிக்க முடியவில்லை.

கோபுரம் ஊதா நிறத்தில் எரிந்தது. அடியிலிருந்து வெளிச்சம் ஏறிக்கொண்டே போனது. உச்சிக்குக் கீழே, விழுந்த பல்லின் இடம்போல, அந்தக் கோடு இருட்டாகவே இருந்தது.

ஷிஜி அலறினாள். முற்றம் முழுவதும் சேர்ந்து அலறியது. கோயிலிலிருந்து திரும்பி வந்த சகாயம் வாசலிலேயே நின்றார். "கம்பெனியில விளிச்சு உறுதி ஆனாத்தான் மணி அடிக்க முடியும்னு சாமி சொல்லியாச்சு" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார்.

அப்போது அவர் ஃபோன் அடித்தது. ஜெஃப்ரின்.

"எலே, எப்படிலே விழுந்தான்?" என்று கத்தினார் சகாயம்.

"யாரு விழுந்தா? மாமா, கம்பெனியில இருந்து சாடிட்டான்னுல்லா பறஞ்சேன்! பையத் தூக்கிட்டு ரூம விட்டுப் போயிட்டான்."

அவன் போட்ட சத்தம் முற்றத்துக்கே கேட்டது. சாடுவதற்கு இன்னொரு அர்த்தமும் இருப்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போகிறவனையும் சாடிட்டான் என்றுதான் சொல்வார்கள். கோபுரத்தையே நினைத்துக்கொண்டிருந்ததில் ஒருவருக்குக்கூட அது உதிக்கவில்லை. செல்லக்கனி மூக்கைச் சிந்திவிட்டு, "பாவி, ஒரு மனுசன கொன்னுபோட்டானே!" என்று ஜெஃப்ரினைத் திட்டிக்கொண்டே ஜெபமாலையை மடியில் செருகினாள். யாரோ சிரித்தார்கள். சகாயம் படியில் உட்கார்ந்து குழந்தைபோல அழுதார்.

ஷிஜி ஃபோனை வாங்கினாள். "என்னத்துக்குப் போனாரு?"

ஜெஃப்ரின் சொன்னான்: "அவனுக்கு ஏறப் பேடி, ஷிஜி. மூணு மாசமா கை வெறைக்கும். நேத்து அந்த கெட்ட லைட்ட மாத்த கயிறு கெட்டி விளிம்புல நிறுத்தியாச்சு, கால எடுக்க மாட்டேன்னு நின்னான். நாங்க பிடிச்சு இழுத்தோம். ஊருக்குப் போயிருலேன்னு சொன்னா, எந்த மொகத்தோட போவேன்னு கேக்கான். பாஸ்போர்ட்டு கம்பெனி கையில. ஓடிட்டான்னு அவனுவ கேசு குடுத்தா போலீசு பிடிச்சு உள்ள போட்டுரும். எங்க கெடக்கான்னு எனக்கும் தெரியாது."

எந்த முகத்தோடு. அது அவள் கொடுத்தனுப்பிய வார்த்தை.

கூட்டம் கலைந்தது. கறி கரிந்து அடிபிடித்திருந்தது. எட்டரை இருக்கும், அவள் ஃபோனில் தெரியாத எண் ஒன்று அடித்தது. எடுத்தாள். அந்தப் பக்கம் லாரிகள் போகிற சத்தம்.

"ஷிஜி, எனக்க ஃபோன் கெட்டுப்போச்சு. இது கூட்டாளிக்க நம்பர்." பெனின்தான். குரலை இழுத்துப் பிடித்துச் சாதாரணமாகப் பேசினான். "இப்பம்தான் வேலை முடிஞ்சுது. இன்னும் மேலதான் நிக்கேன். டவர் பாத்தியா? இன்னைக்கு பச்சையாக்கும் போட்டோம். அந்தக் கோட்டையும் நான் சரியாக்கிட்டேன். எரிஞ்சுதா?"

ஷிஜி வாயைப் பொத்திக்கொண்டாள். கோபுரம் கண்ணில் படாத ஏதோ ஓர் இடத்தில் நின்றுகொண்டு, அவளுக்காகப் பச்சை விளக்குப் போடுகிறான்.

"எரிஞ்சுது" என்றாள். "பச்சைதான். நல்ல பளபளன்னு எரிஞ்சுது."

"ஊர்ல எல்லாரும் பாத்தாவளா?"

"எல்லாரும் பாத்தாவ."

அவன் மூச்சு விடுவது கேட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவனை ஒருமுறைகூட நீ என்று கூப்பிட்டதில்லை அவள். இப்போது நாக்கு அதைப் பார்க்கவில்லை.

"மதி, மக்கா" என்றாள். "நீ எறங்கி வா."